ஆர்கனுக்குள் ஒரு விசில்

ஆர்கனை எடுத்துப்போய்விடச் சொல்லலாம் என்று டீச்சரே சொன்னது ஒரு திங்கட்கிழமை காலையில். சொன்ன விதம்தான் ஸ்பேனரை உறுத்தியது. கோபமாகச் சொல்லியிருந்தால் பேசாமல் விட்டிருப்பாள். பழைய பேப்பரைக் கட்டிவைக்கச் சொல்வதுபோல, முகத்தில் ஒன்றுமே இல்லாமல் சொன்னார்.

"யாராவது கேட்டா குடுத்துருங்க. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது."

டீச்சர், ஸ்பேனரின் கணவனுக்கு அக்கா. முப்பது வருடம் பள்ளியில் பாட்டும் வாத்தியமும் சொல்லிக்கொடுத்தவர், தனியாகவே வாழ்ந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது இடது கை பிரஷ்ஷைக் கீழே போட்டது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது என்றார்கள். ஐந்து வாரம் ஆஸ்பத்திரி, அதில் முதல் சில நாள் பேச்சும் இல்லை. அதன்பிறகு தம்பி வீடு, அதாவது ஸ்பேனரின் வீடு.

கூடவே ஆர்கனும் வந்தது. இரண்டு வரிசைக் கட்டைகள், காலால் மிதிக்க ஒரு வரிசை, சுற்றிலும் பீரோ மாதிரி மரச்சட்டம். டீச்சர் வேலைக்குச் சேர்ந்த காலத்திலேயே பழசாக இருந்த எலக்ட்ரானிக் ஆர்கன். நாலு பேர் சேர்ந்து மூன்றாம் மாடிக்கு ஏற்றியபோது படிக்குப் படி ஒரு வசவு விழுந்தது. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. பத்தொன்பது வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற ஸ்பேனர் லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் குடியிருக்கிறாள் என்பது தெருவில் எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லிச் சிரித்த விஷயம். கம்பெனியில் சேர்ந்த முதல் பெண் அவள். முதல் நாளே ஒருத்தன் நக்கலாக "வாங்க ஸ்பேனர்" என்றான். அவன் வேலையை விட்டுப் போய்ப் பல வருடமாகிறது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

ஆர்கனை இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்ததற்குக் காரணம் இருந்தது. உடற்பயிற்சி சொல்லித்தரும் பெண்மணி, "பியானோக் கட்டையை அழுத்தணும்னா பலம் வேணும். ஆர்கன் தொட்டாலே பாடும். இடது கைக்கு அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. தினம் அரைமணி நேரம்" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

ஆனால் சுவிட்சைப் போட்ட முதல் நாளே ஆர்கன் 'ம்ம்ம்' என்று உறுமியது. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல ஓர் ஓயாத உறுமல். அது எல்லாருக்கும் கேட்டது. "பழசுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று தம்பி சொன்னார்.

"அதுகூடப் பரவாயில்லடா. மேல ஒரு விசில் கேக்குதே, அதுதான் தாங்கல" என்றார் டீச்சர்.

விசில் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது தம்பி இதைக் கேட்டார். இந்த மாதிரி வியாதிக்குப் பிறகு சிலருக்குக் காதில் இல்லாத சத்தம் கேட்பதுண்டு, மூளையே உண்டாக்குவது, பழகிவிடும் என்று டாக்டர் சொன்னார். அதோடு தம்பிக்குக் கேள்வி முடிந்துவிட்டது. டீச்சர் விசில் என்று வாயைத் திறந்தாலே, "அக்கா, அது உன் காதுல" என்பார். அன்பாகத்தான் சொல்வார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

மெல்ல மெல்ல டீச்சர் வாசிப்பதைக் குறைத்தார். அரைமணி பத்து நிமிடமாயிற்று. பிறகு மூடியைத் திறப்பதே இல்லை. இடது கை மடியில் ஒரு பூனைக்குட்டி மாதிரி சுருண்டு கிடந்தது.

இப்போது ஆர்கனையே வேண்டாம் என்கிறார்.

தம்பி உடனே ஏற்பாட்டில் இறங்கிவிட்டார். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதனை, லென்ஸ் தேய்ப்பது, ஃப்ரேமில் மாட்டுவது எல்லாம் அவரே. எதையும் அன்றைக்கே முடித்துவிட வேண்டும் அவருக்கு. அடுத்த தெரு இளைஞர் மன்றத்துக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு ஆள் வந்து எடுத்துப்போகட்டும் என்று பேசி முடித்துவிட்டார்.

டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். ஸ்பேனர் அவர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, நிஜமாவே வேண்டாமா?"

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார்.

"எனக்கு எது நிஜம்னு தெரியல. அதுதான் விஷயம். காலைல குக்கர் விசில் அடிச்சாக்கூட, உங்க ரெண்டு பேர் மூஞ்சியையும் பாக்கறேன். நீங்க திரும்பிப் பாத்தாத்தான் அது நிஜ விசில்னு நம்பறேன். இப்படி எத்தனை நாள் இருக்கறது சொல்லு?"

ஸ்பேனர் எழுந்துபோய் ஆர்கனின் பின்பக்கத்தைச் சுவரிலிருந்து நகர்த்தினாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் டைம் இருக்குல்ல? அதுவரைக்கும் இது என் மிஷின்" என்றாள்.

அவள் ஆர்கனைத் திறந்து பார்த்தவள் அல்ல. ஆனால் எந்த மிஷினாக இருந்தாலும் முதலில் பழுது எங்கே இல்லை என்று கண்டுபிடிக்க வேண்டும் என்பது அவள் பழக்கம். அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் ஃப்ரிட்ஜை அணைத்தாள். ட்யூப்லைட்டை அணைத்தாள். சமையலறைப் பிளக்கிலிருந்து ஒயர் இழுத்து ஆர்கனுக்குக் கொடுத்தாள். உறுமல் மாறவில்லை. ஆகவே வீட்டு மின்சாரத்தைக் குறை சொல்ல முடியாது.

அடுத்து, காலால் மிதித்துச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பெடலை முழுக்க மேலே தூக்கினாள். எந்தக் கட்டையை அழுத்தினாலும் சத்தம் வரவில்லை. உறுமல் மட்டும் அப்படியே இருந்தது.

"பெடலுக்குக் கட்டுப்படலன்னா, பெடலுக்கு அப்புறம்தான் இது உள்ள நுழையுது. கரண்ட் சப்ளைல பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பின்பலகையின் பதினாறு திருகாணிகளையும் கழற்றினாள். உள்ளே வீட்டுத் தூசியும் பழைய மரத்தின் வாசனையும். அடியில் ஒரு தகரப் பெட்டியில் கட்டை விரலைவிடத் தடிமனாக, கரண்டைச் சீராக்கும் கண்டென்சர்கள் இரண்டு நின்றன. இரண்டும் அடிப்பக்கம் உப்பி, பிசின் மாதிரி ஒன்று கசிந்து காய்ந்திருந்தது. கையை வைக்கவில்லை அவள். பிளக்கைப் பிடுங்கினாலும் இவை கரண்டைப் பிடித்து வைத்திருக்கும். லிஃப்ட் பேனலில் இதை மறந்த கூட்டாளி ஒருத்தன் சுவரில் போய் மோதியதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ரெசிஸ்டர் ஒன்றை வைத்து மிச்சக் கரண்டை வடியவிட்டு, மீட்டரில் பூஜ்யம் காட்டும்வரை பொறுத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடையில் அதே அளவில் இரண்டு வாங்கினாள். புதன்கிழமை சாயங்காலம் பற்றவைத்து முடித்தாள். சுவிட்சைப் போட்டதும் சின்ன விளக்கு எரிந்தது. உறுமல் இல்லை.

தம்பி கைதட்டினார். "அட! ஏதோ தொண்டையைச் செருமிட்டுப் பேச ஆரம்பிச்ச மாதிரி இருக்கே! அக்கா, வா, வந்து கேளு!"

டீச்சர் ஊன்றுகோலை ஊன்றி வந்து நின்றார். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். முகம் ஒரு கணம் மலர்ந்தது, உடனே சுருங்கிவிட்டது.

"முனகல் போயிருச்சு. ரொம்ப நல்லா பண்ணியிருக்க" என்றார். பிறகு தயங்கி, "விசில் இருக்கு. இப்ப முன்னவிடத் தெளிவா கேக்குது" என்றார்.

"அக்கா..."

"சரிடா. என் காதுதான். நான் ஒண்ணும் சொல்லல."

"உனக்காகத்தானே ரெண்டு நாளா அவ முழங்கால் தேய உக்காந்து பாத்தா? இன்னும் இருக்கு, இன்னும் இருக்குன்னா என்ன செய்யறது? டாக்டர் சொன்னதை ஒத்துக்கிட்டா உனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி."

டீச்சர் அறைக்குள் போய்விட்டார். ஊன்றுகோல் சத்தம் மட்டும் கதவு வரைக்கும் கேட்டது.

ஸ்பேனர் பற்றவைக்கும் கோலைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள்.

"ஏங்க, உங்களுக்கு விசில் கேக்குதா?"

"இல்ல."

"எனக்கும் கேக்கல. ஆனா போன வருஷம் கம்பெனில காது டெஸ்ட் எடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா? ரிப்போர்ட்ல மெல்லிசான மேல் சத்தம் வர்ற இடத்துல கோடு அப்படியே பள்ளத்துல விழுந்துச்சு. மோட்டார் ரூம்ல பத்தொன்பது வருஷம். நீங்க இருபது வருஷமா லென்ஸ் தேய்க்கற மிஷின்கிட்ட நிக்கிறீங்க. நம்ம ரெண்டு பேர் காதையும் வெச்சுக்கிட்டு அண்ணி காதைத் தப்புன்னு சொல்றோம்."

"அப்ப டாக்டர் சொன்னது பொய்யா?"

"டாக்டர் அண்ணியைப் பாத்தாரு. ஆர்கனைப் பாக்கலையே."

அதற்கும் அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

வியாழனும் வெள்ளியும் ஸ்பேனர் முட்டி மோதினாள். போனில் சத்தம் அளக்கும் ஒரு ஆப்பை இறக்கிப் பார்த்தாள். தெருவில் போகிற ஒவ்வொரு வண்டிக்கும் அந்தக் கோடு குதித்ததே தவிர ஒன்றும் புரியவில்லை. தனக்குக் கேட்காத சத்தத்தை எப்படித் துரத்துவது? துரத்துவதற்கு முன்னால் அது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெள்ளிக்கிழமை கடைக்குப் போய்க் கணவனுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். அவர் ஒரு வயதானவருக்குக் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

"இது தெளிவா இருக்கா, இதுவா? சரி, இப்ப? இப்ப?"

நடுவில் அவர் லென்ஸை மாற்றாமலே மாற்றியதுபோலப் பாவனை செய்தார். பெரியவர், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். தம்பி திருப்தியாகத் தலையாட்டினார்.

"இப்ப எதுக்கு ஏமாத்தினீங்க?" என்று பெரியவர் போனபிறகு ஸ்பேனர் கேட்டாள்.

"நிஜமா பாத்துச் சொல்றாரா, என்னைத் திருப்திப்படுத்தச் சொல்றாரான்னு தெரிய வேண்டாமா? அப்பப்ப இப்படிச் செஞ்சாத்தான் பிடிபடும்."

ஸ்பேனர் அவரையே பார்த்தாள். "நாளைக்கு இதையே அண்ணிக்குச் செய்யுங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு டீச்சர் ஆர்கனுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். தம்பி தரையில் சம்மணம் போட்டு, கையைப் பெடலின் மேல் வைத்துக்கொண்டார். பெடலைக் கீழே அழுத்தினால் உள்ளே இருக்கும் விசில் வெளியே வரும், மேலே தூக்கினால் வராது. அதாவது, விசில் என்று ஒன்று ஆர்கனுக்குள் இருந்தால். பெடல் சத்தம் போடாமலிருக்க ஸ்பேனர் முந்தின நாளே அதன் கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தாள். அழுத்தினாரா தூக்கினாரா என்று தம்பி ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் குறிக்க வேண்டும். டீச்சர் சொல்வதை ஸ்பேனர் வேறொரு தாளில் எழுத வேண்டும். மொத்தம் இருபது தடவை.

"என்னடா இது, எனக்குப் பரீட்சையா?" என்று டீச்சர் கேட்டார். குரலில் பயம் இருந்தது.

"நீ எத்தனை பேருக்கு வெச்சிருப்ப! ஒரு தடவை எழுதேன்" என்றார் தம்பி.

"இருக்கு" என்றார் டீச்சர். பிறகு, "இல்லை." "இல்லை." "இருக்கு."

ஒரு கட்டத்தில் தம்பி தொடர்ந்து நாலு தடவை பெடலைத் தொடவே இல்லை. தொட்டதுபோலச் சரசரப்பு கேட்கும்படி உடம்பை மட்டும் அசைத்தார். டீச்சர் நாலு தடவையும், "இல்லை, இல்லை, இல்லை... என்னடா தூங்கிட்டியா? இல்லை" என்றார்.

பதினான்காவது தடவை கீழே ஒரு மோட்டார் சைக்கிள் போனது. டீச்சர் தடுமாறி, "தெரியல... இல்லைன்னு போட்டுக்கோ" என்றார்.

முடிந்ததும் இரண்டு தாளையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். தம்பி விரலை வைத்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினான்காவதில் மட்டும் விரல் நின்றது. பிறகு இருபது வரைக்கும் போனது. மறுபடியும் மேலிருந்து பார்த்தார்.

"பத்தொன்பது" என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கடையில் யாராவது அப்படித் துடைத்தால் லென்ஸ் கீறிவிடும் என்று திட்டுகிறவர்.

"மன்னிச்சுக்கக்கா" என்றார்.

டீச்சர் அழுவார் என்று ஸ்பேனர் நினைத்தாள். டீச்சர் அழவில்லை. நாற்காலியைத் திருப்பச் சொல்லி ஆர்கனுக்கு நேராக உட்கார்ந்தார். எட்டு மாதமாகக் காணாமல் போயிருந்த வகுப்பறைக் குரல் திரும்பி வந்திருந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. அது என்ன ஸ்வரம்னு கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

தம்பி போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். "நாளைக்கு ஆள் அனுப்ப வேண்டாங்க... ஆமாங்க... இல்ல, நாங்களே வெச்சுக்கறோம்" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது.

டீச்சர் வலது கையால் மேல் வரிசையின் கடைசிக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். தொடுவார், விடுவார், காதைத் தீட்டுவார். ஏழாவதோ எட்டாவதோ தொட்டது ஒரு கறுப்புக் கட்டை. அதைத் தொட்டு விட்டதும் கை அங்கேயே நின்றது.

"இதுதான். எஃப் ஷார்ப். சந்தேகமே இல்ல."

ஸ்பேனர் பின்பக்கம் ஓடினாள். உள்ளே பன்னிரண்டு சர்க்யூட் அட்டைகள் புத்தகம் அடுக்கியதுபோல நின்றன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரு ஸ்வரத்தின் எழுத்து. சுவிட்சைப் போட்டதிலிருந்து இந்த அட்டைகள் ஓயாமல் பாடிக்கொண்டேதான் இருக்கும். கட்டையை அழுத்தும்போது அந்தப் பாட்டுக்குக் கதவு திறக்கும், அவ்வளவுதான். முந்தின இரண்டு நாளில் அவள் கற்றுக்கொண்டது இது. ஆகவே எங்கோ ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை. எந்த அட்டையின் கதவு என்று தெரியாமல்தான் முழித்துக்கொண்டிருந்தாள்.

ஆர்கனை அணைத்து, எஃப் ஷார்ப் அட்டையை உருவினாள். மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

"போச்சு!" என்று டீச்சர் கத்தினார்.

அணைத்து, அட்டையைச் செருகி, மறுபடி சுவிட்சைப் போட்டாள்.

"வந்துருச்சு!"

அட்டையில் கோளாறு இருக்காது, அதிலிருந்து வரும் மற்ற எஃப் ஷார்ப் கட்டைகள் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. கட்டைக்குப் போகிற வழியில்தான் கசிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மேல் வரிசையைத் தாங்கும் சட்டத்தின் திருகாணிகளைத் தளர்த்தி அதை அப்படியே கதவு மாதிரி மேலே தூக்கினாள். தம்பி இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டார். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். வலது கையில்தான் பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது கையையும் அடியில் முட்டுக் கொடுத்துக்கொண்டார்.

கட்டைகளுக்கு அடியில் நூல் மாதிரி ஒயர்கள் ஒரு நீளப் பட்டையில் வரிசையாகப் பற்றவைக்கப்பட்டிருந்தன. வலது ஓரத்தில், அந்தக் கறுப்புக் கட்டைக்கு நேர் கீழே, ஒயர் முனைக்கும் பக்கத்தில் ஓடும் பொதுக் கம்பிக்கும் நடுவில் பழுப்பாக ஏதோ மினுங்கியது. மெழுகு வடிந்ததுபோல ஒரு கோடு. ஸ்பேனர் நகத்தால் சுரண்டினாள். பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"டீ" என்றாள்.

"என்னது?"

"டீ. சக்கரை போட்ட டீ. கொட்டிக் காய்ஞ்சிருக்கு. ஈரக்காத்து பட்டா சக்கரை லேசா ஈரம் பிடிக்கும், அது வழியா சத்தம் கசியும். ஒரு துளிதான் வடிஞ்சிருக்கு. அதான் ஒரே ஒரு ஸ்வரம்."

"என் ஆர்கன் மேல நான் ஒரு தண்ணி டம்ளர்கூட வெச்சதில்லையே. முப்பது வருஷமா" என்றார் டீச்சர்.

தாங்கிப் பிடித்திருந்த சட்டம் லேசாக ஆடியது. இரண்டு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். தம்பியின் முகம் சிவந்திருந்தது. கை இரண்டும் சட்டத்தில் மாட்டிக்கொண்டதால் எங்கேயும் ஓட வழியில்லை.

"நீ ஆஸ்பத்திரில இருந்தப்ப..." என்று ஆரம்பித்தார். "உன் வீட்டுல சாமானெல்லாம் கட்டிக்கிட்டு இருந்தேன். அன்னிக்குத்தான் போன் பண்ணி, உனக்குப் பேச்சு வந்துருச்சுன்னாங்க. போனை எடுக்கப் பாய்ஞ்சதுல கப் சாய்ஞ்சிருச்சு. மேல துடைச்சேன். உள்ள போயிருக்கும்னு தோணல. அப்புறம் மறந்தே போச்சு."

டீச்சர் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தார்.

"டேய். ஆறு மாசமா என் காதுல என் காதுலன்னு சொன்னியே."

"ஆமாக்கா."

"உன் டீடா அது!"

முதலில் சிரித்தது டீச்சர்தான். வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியது, அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஸ்பேனருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "சிரிங்க, சிரிங்க, எனக்குக் கை வலிக்குது, சீக்கிரம் முடிங்க" என்று தம்பி கெஞ்சினார்.

ஸ்பேனர் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, பட்டையின் அந்த ஒரு விரற்கடை நீளத்தைத் துடைத்தாள். பஞ்சு பழுப்பானது. புதுப் பஞ்சு எடுத்தாள். ஐந்தாவது பஞ்சு வெள்ளையாகவே வந்தது. அதற்குப் பிறகும் இன்னொன்று. மேஜை விசிறியை வைத்து ஒருமணி நேரம் காயவிட்டாள். டீச்சர் அந்த ஒருமணி நேரமும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சுவிட்சைப் போட்டாள். பெடலை முழுக்க அழுத்தினாள். வழக்கம்போல அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் இருந்தார்.

"ஆர்கன்ல இல்ல" என்றார்.

தம்பி பெருமூச்சு விட்டார். ஸ்பேனர் விடவில்லை. அந்தச் சொல்லை அவள் கவனித்திருந்தாள்.

"ஆர்கன்ல இல்லன்னா?"

"ஆஃப் பண்ணு, சொல்றேன்." ஆர்கன் அணைந்தது. டீச்சர் இடது காதைத் தொட்டார். "இங்க ஒண்ணு இருக்கு. அந்த விசில் இல்ல, வேற. காத்து போற மாதிரி ஒரு சத்தம், சன்னமா. ஆர்கன் ஓடினாலும் இருக்கு, ஓடலன்னாலும் இருக்கு. டாக்டர் சொன்னாரே, அது இதாத்தான் இருக்கும்."

தம்பியின் முகம் வாடியது. "அக்கா, அப்ப இவ்வளவும்..."

"நீ ஏண்டா மூஞ்சியைத் தூக்கிக்கற? இத்தனை நாளா ரெண்டும் ஒண்ணாக் கலந்து கிடந்துச்சு. எது வெளிய, எது உள்ளன்னு புரியாம பைத்தியம் பிடிக்கப் பாத்தேன். இப்பத் தனித்தனியாத் தெரியுது. இது என்னோடது. இதோட நான் இருந்துக்குவேன். டாக்டர்கிட்டயும் இந்தத் தடவை நானே பேசறேன், நீ பேச வேண்டாம்."

ஸ்பேனர் மறுபடி சுவிட்சைப் போட்டாள். டீச்சர் வலது கையால் இடது கையைத் தூக்கி மேல் வரிசையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார். சுண்டுவிரல் வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தார். நாலு ஸ்வரம், ஏறுமுகமாக. மூன்றாவது வரவில்லை.

"திரும்ப" என்று தனக்கே உத்தரவு போட்டார்.

மூன்றாவது வந்தது, நாலாவது வரவில்லை.

"திரும்ப."

ஸ்பேனர் பின்னால் உட்கார்ந்து பலகையைத் தூக்கி வைத்தாள். பதினாறு திருகாணியும் கிண்ணத்தில் கிடந்தன. முதல் ஒன்றை எடுத்துத் திருகத் தொடங்கினாள்.

"நாலு மூலைல மட்டும் போடு, போதும்" என்று முன்பக்கத்திலிருந்து டீச்சர் சொன்னார். "நாளைக்கு வேற ஏதாவது கேட்டாலும் கேக்கும்."